இரசாயன அறிவின் ஏடுகளும் அவற்றின் உடைமையும்: நம்பகத்தன்மை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

அறிவியலின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளையும் கண்டுபிடித்தோரையுமே தமக்குரிய பொருளாகக் கொள்வர். ஒரு கண்டுபிடிப்பு எங்கே பதிவு செய்யப்பட்டது, அப்பதிவு யாருடைய உடைமையாயிற்று, பின்வந்த ஆய்வாளன் அதனை எவ்வாறு தேடி அடைந்தான், அடைந்ததை எதனை ஆதாரமாகக் கொண்டு நம்பினான் என்ற வினாக்கள் நூலகர்க்கு மட்டுமே உரியவை என ஒதுக்கப்படுவதுண்டு. இவ்வொதுக்கல் தற்செயலானதன்று. அறிவைத் தனிமேதைகளின் படைப்பாகக் காணும் நோக்கு, அவ்வறிவைத் தொகுத்தும் ஒப்புநோக்கியும் பிழைநீக்கியும் வைத்த ஆயிரக்கணக்கானோரின் உழைப்பைக் காணாது விடுவது இயல்பே.

இரசாயனவியல், உயிர் இரசாயனவியல் ஆகிய துறைகளில் நம்பகமான தகவல் மூலங்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு வளர்ந்தன, இன்று எந்நிலையில் உள்ளன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய மாணவன் ஒருவன் இத்தகைய பொருளை எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது எதிர்கொண்ட பிரச்சினையும், ஒரு சேர்வையின் உருகுநிலைக்கு மூன்று நூல்கள் மூன்று எண்களைத் தரக் காணும் இரசாயன மாணவன் எதிர்கொள்ளும் பிரச்சினையும் அடிப்படையில் ஒன்றே. எது மூலம்? எது மூலத்தைப் பார்த்து எழுதப்பட்ட படி? படிகள் பல ஒத்துக் கூறுவது உண்மையினாலா, அன்றி ஒரே பிழையான படியிலிருந்து அவை யாவும் கிளைத்தமையினாலா? இவ்வினாக்கள் இருவர்க்கும் பொதுவானவை. ஏடு தேடி அலைந்தோர் அறிந்த இன்னொன்றும் உண்டு. ஏட்டை வைத்திருப்பவர் காட்ட மறுப்பாராயின் பதிப்பாசிரியனின் புலமை முழுவதும் பயனற்றதாகிவிடும். நம்பகத்தன்மை சரிபார்த்தலைப் பொறுத்தது. சரிபார்த்தல் அணுகலைப் பொறுத்தது. அணுகல் உடைமையைப் பொறுத்தது. இம்மூன்றுக்கும் இடையேயுள்ள தொடர்பை வரலாற்றடிப்படையில் நோக்குவோம்.

2

நவீன இரசாயனவியலின் தகவல் மூலங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மனியிலேயே முழுவடிவம் பெற்றன. லியோபோல்ட் க்மெலின் என்பார் 1817இல் தமது கைநூலை வெளியிடத் தொடங்கியபோது, இரசாயனவியலில் அறியப்பட்ட அனைத்தையும் ஒருவரே தொகுத்துவிடலாம் என்ற நம்பிக்கை சாத்தியமானதாகவே இருந்தது. 1830இல் லைப்சிக் நகரில், பிற ஏடுகளில் வெளிவந்த ஆய்வுகளின் பொழிப்புகளைத் தருவதற்கென்றே ஒரு சஞ்சிகை தோன்றிற்று. மருந்தியற் பொழிப்பேடாகத் தொடங்கிய இது பின்னர் ‘கெமிஷஸ் சென்ட்ரல்பிளாட்’ என்னும் பெயருடன் 1969 வரை நிலவியது. மூலக் கட்டுரைகளைத் தேடுவதற்கே ஒரு தனி ஏடு வேண்டியிருந்தது என்பது, அறிவின் பெருக்கம் தனிமனித வாசிப்பின் எல்லையை அப்போதே கடந்துவிட்டதைக் காட்டுகின்றது.

இப்பெருக்கத்தின் காரணத்தை அறிஞர்தம் அறிவார்வத்தில் மட்டும் தேடுவது முழுமையாகாது. 1856இல் வில்லியம் பேர்க்கின் நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் பொருள்களைக் கொண்டு ஊதாச் சாயம் ஒன்றை ஆக்கியதைத் தொடர்ந்து, செயற்கைச் சாயக் கைத்தொழில் விரைந்து வளர்ந்தது. இங்கிலாந்தில் தொடங்கிய அக்கைத்தொழில் ஜேர்மனியின் கையில் ஓங்கியது. புதிய சேதனச் சேர்வை ஒவ்வொன்றும் ஒரு சந்தைப்பண்டமாகக் கூடிய சூழ்நிலையில், அது முன்னரே ஆக்கப்பட்டதா என அறிவது ஆக்கவுரிமை பெறுவதற்கு இன்றியமையாததாயிற்று. பேடிஷ் நிறுவனம் 1897இல் செயற்கை அவுரிநீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதன் விளைவு ஐரோப்பாவுடன் நின்றுவிடவில்லை. 1859-60இல் வங்காள விவசாயிகள் எந்த அவுரித் தோட்டத்துரைமாருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனரோ, அத்துரைமாரின் செய்கையே சில தசாப்தங்களுள் சரியத் தொடங்கியது. ஜேர்மானிய ஆய்வுகூடத்தின் ஏட்டில் எழுதப்பட்ட ஒரு வாய்பாடு இந்திய உழவனின் நிலத்தையும் வாழ்வையும் தொட்டது.

இக்காலத்தின் பெருநூல், பிரீட்ரிக் பைல்ஸ்டைனின் சேதன இரசாயனக் கைநூலாகும். சென்ட் பீட்டர்ஸ்பேர்க் தொழில்நுட்பக் கழகத்திற் பேராசிரியராக இருந்த இவர், 1881 தொடக்கம் 1883 வரையான காலத்தில் வெளியிட்ட முதற்பதிப்பு ஏறத்தாழ 15,000 சேர்வைகளை இரண்டு தொகுதிகளில் அடக்கியது. அந்நூலின் சிறப்பு அதன் அளவில் மட்டும் தங்கியிருக்கவில்லை. தாம் கண்ட செய்திகள் அனைத்தையும் கூட்டிச் சேர்க்காது, அவற்றை மூலக் கட்டுரைகளுடன் ஒப்பிட்டு, ஐயத்துக்குரியவற்றை விலக்கியோ சுட்டியோ அவர் எழுதினார். தொகுத்தலும் திறனாய்தலும் ஒரே செயலாக அவரிடம் அமைந்தன. ஆனால் மூன்றாம் பதிப்புக்குப் பின் தனியொருவரால் அப்பணியைச் சுமக்க இயலவில்லை. பொறுப்பு ஜேர்மானிய இரசாயனச் சங்கத்தின் கைக்கு மாறியது. 1918இல் தொடங்கிய நான்காம் பதிப்பு, ஊதியம் பெறும் ஆசிரியர் குழுவொன்றின் ஆக்கமாகும். கைவினைஞனின் குடிசையிலிருந்து வேலைப்பிரிவினை கொண்ட பட்டறைக்கு உற்பத்தி நகர்ந்த அதே போக்கினை அறிவுத் தொகுப்பிலும் நாம் இங்குக் காண்கின்றோம்.

இங்கு கார்ல் ஷோர்லெமரை நினைவுகூர்தல் பொருந்தும். 1874இல் மன்செஸ்டரில் சேதன இரசாயனவியற் பேராசிரியராக நியமனம் பெற்ற இவர், மார்க்ஸ், ஏங்கெல்ஸ் ஆகிய இருவரதும் நெருங்கிய தோழர். 1879இல் சேதன இரசாயனவியலின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிய வரலாற்று நூலொன்றையும் வெளியிட்டார். தம் துறையின் அறிவைத் தொகுப்பதும் அதன் வரலாற்றை எழுதுவதும் ஒன்றையொன்று வேண்டுவன என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

3

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க இரசாயனவியலாளர், தமது ஆய்வுகள் ஐரோப்பியப் பொழிப்பேடுகளிற் போதிய இடம்பெறவில்லை எனக் குறைகூறினர். அமெரிக்க இரசாயனச் சங்கம் 1907இல் ‘கெமிக்கல் அப்ஸ்ராக்ட்ஸ்’ என்னும் ஏட்டைத் தொடங்கியது. முதலாண்டில் அதில் வெளிவந்த பொழிப்புகள் 12,000க்குச் சற்றுக் குறைவு. 1909இல் அது ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. அதன் பக்கங்களை நிரப்பியோர் பெரும்பாலும் தொண்டர்களே. 1960களின் நடுப்பகுதியில் உலகெங்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இரசாயனவியலாளர், பெயரளவிலான கொடையைப் பெற்றுக்கொண்டு அதற்குப் பொழிப்புகளை எழுதினர். இவ்வுழைப்பின் மேல் எழுந்த நிறுவனமே பிற்காலத்தில் உயர்ந்த சந்தா பெறும் தரவுத்தள வணிகமாக மாறியது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

இரு உலகப் போர்களும் தகவலின் உடைமை பற்றிய உண்மையொன்றை வெளிப்படுத்தின. முதலாம் உலகப் போரின்போது ஐக்கிய அமெரிக்க அரசு பகைவர் சொத்தெனக் கைப்பற்றிய ஜேர்மானிய ஆக்கவுரிமைகளுள் ஏறத்தாழ 4,500, 1919இல் அமைக்கப்பட்ட கெமிக்கல் பவுண்டேசன் என்னும் நிறுவனத்துக்கு அற்ப விலைக்கு விற்கப்பட்டன. 1926இல் அந்நாட்டின் உச்சநீதிமன்றம் அவ்விற்பனையைச் செல்லுபடியானதெனத் தீர்த்தது. இரண்டாம் உலகப் போரின்போது இதே நடவடிக்கை நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் விரிந்தது. பகைவர் சொத்துப் பொறுப்பாளரின் அனுமதியுடன் மிச்சிகன் மாநிலத்து அச்சகம் ஒன்று பைல்ஸ்டைன் கைநூலின் தொகுதிகளை ஒளிப்படமுறையில் மறுபதிப்புச் செய்து, மூலவிலையிலும் மிகக் குறைந்த விலைக்கு அமெரிக்க நூலகங்களுக்கு வழங்கியது.

இச்செயலைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. நாசிசத்துக்கு எதிரான போரில் அது தேவைப்பட்டிருக்கலாம். எனினும், பதிப்புரிமை புனிதமானது, மீறவொண்ணாதது என்ற கொள்கை ஆளும் வர்க்கத்தின் தேவை முன்னிற்கும்போது எவ்வளவு எளிதில் ஒதுக்கிவைக்கப்படுகின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. போர்க்காலத்து அமெரிக்காவுக்குப் பொருந்திய நியாயம் அமைதிக்காலத்து வறிய நாடுகளுக்குப் பொருந்தாமற் போனதை இக்கட்டுரையின் பிற்பகுதியிற் காண்போம்.

4

போருக்குப் பிந்திய காலத்தில் இப்பிரச்சினையை முழுமையாக நோக்கியவர் ஜே. டி. பேர்னால் ஆவார். 1934இல் டொரதி குரோபுட்டுடன் சேர்ந்து பெப்சின் என்னும் நொதியத்தின் பளிங்கிலிருந்து தெளிவான எக்ஸ் கதிர்ப் படத்தைப் பெற்றதன் மூலம் புரதப் பளிங்கியலுக்கு வழிதிறந்தவர் இவரே. மார்க்சியரான இவர் 1939இல் வெளியிட்ட ‘அறிவியலின் சமூகப் பணி’ என்னும் நூலில், சிதறிக் கிடக்கும் சஞ்சிகை முறைக்குப் பதிலாக ஆய்வுக் கட்டுரைகளை மையமாகப் பெற்று வேண்டுவோர்க்கு விநியோகிக்கும் திட்டமொன்றை முன்வைத்தார். 1948இல் இலண்டன் ரோயல் சங்கம் கூட்டிய அறிவியற் தகவல் மாநாட்டுக்கும் இத்தகைய திட்டத்தைச் சமர்ப்பித்தார். பத்திரிகைகளிலும் அறிவியலாளர் சிலரிடையேயும் எழுந்த கடும் எதிர்ப்பினால் அதனை மீளப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. அறிவியலாளரின் சுதந்திரம் பறிபோகும் என்பது எதிர்ப்பாளரின் வாதம்.

அச்சுதந்திரத்தின் வெற்றிடத்தை நிரப்பியது வணிகப் பதிப்பகமே. எல்செவியர் 1947இல் உயிர் இரசாயன, உயிர்ப் பௌதிக ஆய்வுகளுக்கெனச் சர்வதேசச் சஞ்சிகை ஒன்றைத் தொடங்கியது. 1951இல் ரொபேர்ட் மக்ஸ்வெல் பெர்கமன் பதிப்பகத்தைத் தன்வசப்படுத்தினார். 1957இல் அப்பதிப்பகம் தொடங்கிய ‘ரெட்ராஹீட்ரன்’ என்னும் சேதன இரசாயனச் சஞ்சிகைக்கு ரொபேர்ட் றொபின்சன், ஆர். பி. வுட்வேர்ட் போன்ற பேராளுமைகள் தலைமை தாங்கினர். கட்டுரையை எழுதுவோன் ஊதியம் பெறுவதில்லை. அதனை மதிப்பிடுவோனும் பெறுவதில்லை. இருவரையும் பேணுவது பெரும்பாலும் பொதுப்பணம். ஆனால் அச்சேறிய பண்டம் தனியார் உடைமையாகி, அவர்கள் பணிபுரியும் பல்கலைக்கழகத்துக்கே விற்கப்படுகின்றது. உற்பத்தி சமூகமயமானது, கைக்கொள்ளல் தனியார்மயமானது என்ற முரண்பாடு இதனினும் தூய வடிவில் வேறெங்கும் காணப்படுமா என்பது ஐயமே. 1991இல் பெர்கமன் எல்செவியருக்கு விற்கப்பட்டபோது இம்மூலதனக் குவிப்பு மேலுமொரு படி முன்சென்றது.

சோவியத் ஒன்றியம் வேறொரு வழியைத் தேர்ந்தது. 1952இல் அதன் அறிவியற் கழகத்தின் கீழ்த் தகவல் நிறுவனமொன்று அமைக்கப்பட்டு, 1953 முதல் இரசாயனவியல் உட்பட்ட துறைகளுக்குப் பொழிப்பேடுகள் வெளிவந்தன. 1957இல் ஸ்புட்னிக் விண்ணேறியதும், சோவியத் அறிவியலாளர் மேலைநாட்டு ஆய்வுகளை உடனுக்குடன் அறிகின்றனர், தாமோ சோவியத் ஆய்வுகளை அறியவில்லை என்ற பதற்றம் அமெரிக்காவில் எழுந்தது. 1963இல் வெளிவந்த வைன்பேர்க் அறிக்கை தகவலை அரசின் பொறுப்புக்குரிய விடயமாக எடுத்துரைத்ததற்கு இப்பின்னணி உண்டு.

எனினும் இவ்விடத்தில் முற்போக்காளர் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டிய கடப்பாடும் உண்டு. ஏடுகள் அரசின் உடைமையாவதால் மட்டும் அவை நம்பகமானவையாகிவிடுவதில்லை. 1948 ஓகஸ்டில் லைசென்கோவின் கருத்துகள் சோவியத் உயிரியலில் அதிகாரபூர்வக் கொள்கையாக்கப்பட்டன. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே தாவரவியலறிஞர் வவிலோவ் சிறையில் மாண்டிருந்தார். 1951இல் மொஸ்கோவில் நடைபெற்ற மாநாடொன்று, லைனஸ் போலிங்கின் பரிவுக் கொள்கையைக் கருத்துமுதல்வாதம் எனக் கண்டித்தது. அதனை எடுத்துரைத்த சிர்க்கின், தியாத்கினா ஆகியோர் கண்டனத்துக்குள்ளாயினர். பேர்னாலும் லைசென்கோவை ஆதரித்து எழுதினார் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. இயக்கவியல் பொருள்முதல்வாதம் ஆய்வுகூடத்துச் சான்றை இடம்பெயர்க்கும் ஆணையன்று. அவ்வாறு அதனைப் பயன்படுத்தியோர் அறிவியலுக்கு இழைத்த தீங்கினும் மார்க்சியத்துக்கு இழைத்த தீங்கு பெரிது. இலாபம் ஏட்டைப் பூட்டிவைக்கும். அதிகாரம் ஏட்டைத் திருத்தி எழுதும். இரண்டும் சரிபார்த்தலுக்குப் பகையே.

5

பேர்னாலின் திட்டம் தோற்றாலும் அதன் சாரம் அழியவில்லை. தனித்தனி ஆய்வு முடிவுகளைக் கூட்டாகத் திரட்டி வைத்தால், தனித்து நின்று அவை தராத புதிய அறிவைத் திரள் தரும் என்பது அவர் கருத்து. அக்கருத்தின் வழிவந்த ஒல்கா கெனார்ட் 1965இல் கேம்பிரிட்ஜில் சேதனச் சேர்வைகளின் பளிங்கமைப்புத் தரவுத்தளத்தைத் தொடங்கினார். அதே 1965இல் அமெரிக்காவில் மார்கரட் டேஹொவ் 65 புரதங்களின் அமினோ அமில வரிசைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். 1971இல் புரூக்ஹேவன் ஆய்வுகூடமும் கேம்பிரிட்ஜும் இணைந்து புரதத் தரவு வங்கியை அறிவித்தபோது அதிலிருந்தவை ஏழே அமைப்புகள். 2023இன் தொடக்கத்தில் அத்தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்தது. 1982இல் டி.என்.ஏ. வரிசைகளுக்கான ஜென்பாங்க் தொடங்கியது.

இவ்வங்கிகள் தாமாக நிரம்பவில்லை. தாம் பெற்ற அணு ஆள்கூறுகளை வெளியிடத் தயங்கிய ஆய்வாளர் பலர் இருந்தனர். தரவை வைப்பிலிடாமல் முடிவை மட்டும் வெளியிடுவது, ஏட்டைக் காட்டாமற் பாடத்தை மட்டும் நம்பச் சொல்வதற்கு ஒப்பாகும். 1989இல் சர்வதேசப் பளிங்கியல் ஒன்றியம் இது தொடர்பான நெறிகளை வெளியிட்டது. வைப்பிலிடுதல் காலப்போக்கிற் கட்டாயமாகியமை அறிவியலாளரின் கூட்டு வலியுறுத்தலால் விளைந்ததேயன்றிச் சந்தையின் இயல்பான இயக்கத்தால் விளைந்ததன்று.

வைப்பிலிடப்பட்ட அமைப்பு நம்பத்தக்கதா என அறியும் கருவிகளுள் முக்கியமான ஒன்று சென்னையிற் பிறந்தது என்பது நமக்குப் பெருமை தருவது. ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963இல் வெளியிட்ட ஆய்வு, புரதச் சங்கிலியின் முதுகெலும்பில் அமையும் இரு சுழற்கோணங்கள் எவ்வெப் பெறுமானங்களைக் கொள்ள முடியும், எவற்றை அணுக்களின் மோதலால் கொள்ள முடியாது என்பதை ஒரு வரைபடத்தில் காட்டியது. இன்று எந்தப் புரத அமைப்பும் அவ்வரைபடத்தின் முன் நிறுத்தப்பட்டே மதிப்பிடப்படுகின்றது. தடைப்பட்ட பகுதியிற் பல புள்ளிகள் விழுமாயின் அவ்வமைப்பு ஐயத்துக்குரியது. அறிவின் மையங்கள் எனப்படும் நாடுகளுக்கு வெளியே, எளிய சாதனங்களுடன் ஆக்கப்பட்ட கோட்பாடொன்று அம்மையங்களின் விளைபொருள்களைச் சோதிக்கும் உரைகல்லாயிற்று.

திறந்த தரவின் பயனுக்கு எதிர்மறைச் சான்றொன்றும் உண்டு. 2001 முதல் உயிரணுச் சவ்வுப் புரதங்களின் அமைப்பைப் பற்றிப் புகழ்மிக்க சஞ்சிகைகளில் வெளிவந்த ஐந்து கட்டுரைகளை, அவற்றை எழுதிய அமெரிக்க ஆய்வுக்குழு 2006 இறுதியில் மீளப் பெற்றது. தரவைக் கையாண்ட உள்வீட்டுக் கணனி நிரலொன்றில் தரவின் இரு நெடுவரிசைகள் இடம்மாறியமையால் அமைப்பு முழுவதும் பிறழ்ந்துவிட்டது. சுவிற்சர்லாந்துக் குழுவொன்று அதே குடும்பத்துப் புரதமொன்றின் அமைப்பைத் தனித்து ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே பிழை வெளிப்பட்டது. சஞ்சிகையின் புகழோ மதிப்பீட்டாளரின் ஒப்புதலோ அதனைத் தடுக்கவில்லை. சுதந்திரமான இரண்டாவது ஆய்வும், ஒப்பிடத்தக்க தரவும், பிழையை ஏற்றுக்கொண்ட நேர்மையும் சேர்ந்தே உண்மையை நிலைநாட்டின.

பொதுவுடைமையான தரவுகளும் நிதி நெருக்கடியிலிருந்து தப்புவதில்லை. ஜெனீவாவில் அமோஸ் பைரோக் 1986இல் தொடங்கிய சுவிஸ்-புரொட், புரதங்கள் பற்றிய செய்திகளை அறிஞர் ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்து எழுதும் தளமாகும். 1996இல் நிதியின்றி அது மூடப்படும் நிலையை எய்தியது. உலகெங்குமிருந்து ஆய்வாளர் குரலெழுப்பினர். 1998 முதல் வணிக நிறுவனங்களிடம் கட்டணம் பெற்று அது தாக்குப்பிடித்தது. 2002இல் பொதுநிதி கிடைத்து யுனிபுரொட் என்னும் கூட்டமைப்பு உருவான பின்னரே நிலைமை சீராகியது. புதியதைக் கண்டுபிடிப்போனுக்குப் பரிசு உண்டு. கண்டதைச் சரிபார்த்து ஒழுங்குபடுத்துவோனுக்கு நிரந்தர வேலை கூட இல்லை. பதிப்பாசிரியனைப் படைப்பாளிக்குக் கீழ் வைக்கும் இலக்கிய உலகின் வழக்கமும் இதுவே.

6

இன்றைய நிலையை நோக்குமிடத்து மூன்று போக்குகள் தெளிவாகின்றன.

முதலாவது, மூடிய களஞ்சியத்துக்கும் திறந்த களஞ்சியத்துக்கும் இடையிலான போராட்டம். ஐக்கிய அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2004இல் பப்கெம் என்னும் இலவசத் தரவுத்தளத்தைத் திறந்தபோது, 2005இல் அமெரிக்க இரசாயனச் சங்கம் அதனைக் கட்டுப்படுத்துமாறு அரசியல்வாதிகளை அணுகியது. அம்முயற்சி வெற்றிபெறவில்லை, இன்று பப்கெம்மில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட சேர்வைகள் உள. ஆயின், பல நூறு மூலங்களிலிருந்து வைப்பிலிடப்படுபவற்றை அது தொகுத்துத் தருவதால், அங்குக் காணும் ஒவ்வொரு பெறுமானத்தையும் அதன் மூலம்வரை பின்தொடர்ந்து சென்று நோக்குதல் வேண்டும். பைல்ஸ்டைனின் திறனாய்வு மரபோ இன்று எல்செவியரின் உடைமையான ரியாக்சிஸ் என்னும் சந்தாத் தளத்தினுள் உள்ளது. ஒருபுறம் யாவரும் அணுகக்கூடிய, ஆனால் முழுமையாகச் சரிபார்க்கப்படாத திரள். மறுபுறம் பெரிதும் சரிபார்க்கப்பட்ட, ஆனால் விலைக்கே திறக்கும் திரள்.

இவ்விடைவெளியிலேயே 2011இல் கசக்ஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பக்கியானின் சய்-ஹப் தோன்றியது. 2015இல் எல்செவியர் தொடுத்த வழக்கில் 2017ஆம் ஆண்டு நியூயோர்க் நீதிமன்றம் 150 இலட்சம் டொலர் இழப்பீடு விதித்தது. அதே ஆண்டில் அமெரிக்க இரசாயனச் சங்கத்துக்கு 48 இலட்சம் டொலர் தீர்ப்பாயிற்று. 2020இல் டெல்லி உயர்நீதிமன்றத்திலும் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. போர்க்காலத்திற் பகைவனின் பைல்ஸ்டைனை மறுபதிப்புச் செய்ய அனுமதித்த அதே நாட்டின் சட்டமே இத்தீர்ப்புகளை வழங்கியது. சய்-ஹப் நிரந்தரத் தீர்வன்று. ஒருவரின் துணிவில் தங்கிய களஞ்சியம் பொதுநிறுவனத்துக்கு ஈடாகாது. ஆயினும் அதன் தேவையை ஆக்கியது எது என்ற வினாவை எந்த நீதிமன்றமும் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது போக்கு, வெளியீடே பண்டமாகியமை. யூஜின் கார்பீல்ட் 1964இல் வெளியிட்ட மேற்கோட் சுட்டி, ஒரு கட்டுரையைப் பின்னர் யார் எடுத்தாண்டனர், யார் மறுத்தனர் என அறிய உதவும் அரிய கருவி. அது ஆய்வாளரையும் சஞ்சிகைகளையும் தரப்படுத்தும் அளவுகோலாக மாறியதும், எண்ணிக்கையே பதவியும் சம்பளமும் ஆயிற்று. வாசகனிடம் பெற்ற பணத்தை எழுதுவோனிடம் பெறும் முறை பரவியதும், கூடுதற் கட்டுரை கூடுதல் வருமானம் என்ற நிலை தோன்றியது. கூலிக்குக் கட்டுரை ஆக்கும் ‘ஆலைகள்’ அதன் விளைவு. வைலி பதிப்பகம் 2021இல் வாங்கிய ஹிந்தாவியின் சஞ்சிகைகளிலிருந்து 2023இல் மட்டும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் மீளப் பெறப்பட்டன. எலிசபெத் பிக்கும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 20,621 உயிர்மருத்துவக் கட்டுரைகளுள் 3.8 சதவீதமானவற்றில் ஐயத்துக்குரிய படங்கள் காணப்பட்டன.

மூன்றாவது போக்கு அண்மைக்காலத்தது. அரை நூற்றாண்டாகப் பொதுப்பணத்தாலும் பெயரறியா ஆய்வாளரின் உழைப்பாலும் நிரம்பிய புரதத் தரவு வங்கியைப் பயிற்சித் தரவாகக் கொண்டே கூகிளின் துணை நிறுவனமான டீப்மைண்ட் அல்பாபோல்ட் என்னும் நிரலை ஆக்கியது. 2024இல் இதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாம் நிரலின் குறிமுறையையும் இருபது கோடிக்கு மேற்பட்ட எதிர்வுகூறல்களையும் அந்நிறுவனம் திறந்துவிட்டமை பாராட்டுக்குரியதே. ஆனால் 2024 மே மாதத்தில் மூன்றாம் நிரல் குறிமுறையின்றியே வெளியிடப்பட்டது. ஆய்வாளர் கண்டனக் குரலெழுப்பிய பின்னர், நவம்பரில் வணிகமல்லாப் பயன்பாட்டுக்கு மட்டும் அது வழங்கப்பட்டது. யாவரும் சேர்த்த செல்வம் ஒருவரின் உற்பத்திச் சாதனமாக மாறும் கணத்தை இங்கே நேரிற் காண்கின்றோம். எதிர்வுகூறல் பரிசோதனையன்று என்பதையும் மாணவர் மறக்கலாகாது. நிரல் தரும் அமைப்பு ஒரு கருதுகோளே. அதன் எந்தப் பகுதி எவ்வளவு உறுதியானது என நிரலே தரும் மதிப்பெண்ணையும் சேர்த்தே அதனை வாசித்தல் வேண்டும்.

7

இதுவரை கூறியவற்றிலிருந்து ஆய்வு மாணவனுக்குரிய நடைமுறை முடிவுகள் சில பெறப்படும். எந்த எண்ணையும் அதன் மூலக் கட்டுரைவரை சென்று காணாமல் எடுத்தாளலாகாது. அங்கும் அச்சேர்வை எவ்வாறு தூய்மை செய்யப்பட்டது, எம்முறையில் அளக்கப்பட்டது என்பவற்றை நோக்க வேண்டும். பல நூல்கள் ஒரே பெறுமானத்தைத் தரின் அவை தனித்தனி அளவீடுகளா, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையா எனப் பிரித்தறிய வேண்டும். புரத அமைப்பாயின் அதன் பிரிதிறனையும், 1992 முதல் வழக்கிலுள்ள சுயாதீனப் பொருத்த அளவையும், இராமச்சந்திரன் வரைபடத்தையும் காண வேண்டும். கட்டுரை மீளப் பெறப்பட்டதா, பின்வந்தோர் அதனை மறுத்தனரா எனத் தேட வேண்டும். சஞ்சிகையின் பெயர் இவற்றுள் எதற்கும் மாற்றாகாது.

ஆனால் இப்பட்டியலைத் தனிமாணவனின் கையில் மட்டும் கொடுத்துவிட்டு அமைதல் தகாது. மூலத்தைக் காண் என அவனுக்குக் கற்பிக்கும் ஆசிரியர், மூலத்தின் வாயிலிற் பூட்டுத் தொங்குவதை அறிவார். உயர்ந்த சந்தா செலுத்த இயலாத பல்கலைக்கழகத்தில் நம்பகமானது விலைக்குப் பின்னாலும், நம்பத்தகாதது வாசலில் இலவசமாகவும் கிடக்கின்றன. இந்தியா 2025 முதல் ‘ஒரு நாடு, ஒரு சந்தா’ என்னும் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகளைத் தன் அரச நிறுவனங்களுக்கு வழங்க மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாவை ஒதுக்கியுள்ளது. அணுகலைச் சமூகத்தின் பொறுப்பாக ஏற்பதால் இது முன்னேற்றமே. எனினும் பொதுப்பணம் மீண்டும் அதே பதிப்பகங்களைச் சென்றடைவதால் உடைமை உறவு மாறவில்லை.

தமிழில் இரசாயனவியலைக் கற்பிக்கும் முயற்சி யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் கிறீன் காலத்திலிருந்தே தொடர்வது. 1875இல் வெளிவந்த ‘கெமிஸ்தம்’ அவர் வழிவந்த நூல்களுள் ஒன்று. அம்முன்னோர் மேலை நூல்களைப் பெற்று, படித்து, சொல்லாக்கி, நம் மாணவர் கையில் வைத்தனர். அறிவு கைக்கெட்டும் பொருளாக வேண்டும் என்பதே அவர்தம் பணியின் உட்கிடை. இன்று அதே பணி புதிய வடிவங்களை வேண்டி நிற்கின்றது. பொதுநிதியில் நடந்த ஆய்வும் அதன் மூலத்தரவும் திறந்த களஞ்சியத்தில் வைக்கப்படல், அவற்றைச் சரிபார்ப்போரின் உழைப்பு ஆய்வாகவே மதிக்கப்படல், வறிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் கூட்டாகப் பேரம்பேசல் ஆகியன உடனடியாக முன்னெடுக்கத்தக்கவை. பேர்னால் 1948இல் மீளப் பெற்ற திட்டத்தை அதன் குறைகள் நீக்கி, எந்த அரசினதும் எந்த நிறுவனத்தினதும் ஆணைக்குட்படாத அறிவியலாளர் கூட்டுடைமையாக மீண்டும் மேசைமீது வைக்கவேண்டிய காலம் வந்துவிட்டது. அந்த விவாதம் இரசாயனத்துறை மாணவருக்கு மட்டும் உரியதன்று.